மெர்சி அமுக்கிய ரயில் மெயில்

தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு தினமும் ரயிலேறும் பெண்களில் மெர்சியும் ஒருத்தி. வயது முப்பத்தாறு. இன்சூரன்ஸ் படிவம் சரிபார்க்கிற ஆபீசில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவள். ரயிலில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து செல்போனில் சைபர் செக்யூரிட்டி பாடம் படிப்பாள்; கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே படிப்பாள். இப்படியே இரண்டு சர்டிபிகேட் வாங்கிவிட்டாள். பெங்களூர் அல்சூரில் ஒரு கம்பெனி அந்த வேலைக்கே நேர்முகத்துக்குக் கூப்பிட்டது.

கிளம்பும்போது புருஷன் குணசேகர் வாசலை மறித்து நின்றான்.

“அந்த மெயில் கதைய மட்டும் அங்க எடுத்து வுடாத. திருடன் புடிக்கிற வேலைக்குப் போயி, நானே கதவ தொறந்து வுட்டேன்னு சொல்லுவியா?”

“கேட்டா?”

“கேட்டாலும் முழுங்கிடு.”

கதை இதுதான். போன வருஷம் ஆபீசில் ஒரு மெயில் வந்தது. சாயங்காலம் தங்கவயலுக்குத் திரும்புகிற மாரிகுப்பம் ரயிலின் நேரம் மாறிவிட்டது, புது அட்டவணை உள்ளே இருக்கிறது என்று. பரிசு, லாட்டரி என்று வந்திருந்தால் மெர்சி திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். ரயில் என்றதும் தங்கவயல்காரிக்குக் கை சும்மா இருக்குமா? அமுக்கிவிட்டாள். திருட்டு மெயில்.

அல்சூரில் கேள்வி கேட்டவர் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் நாகேஷ். நெட்வொர்க், பாஸ்வேர்டு என்று அரை மணி நேரம் குடைந்தார். தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். கடைசியில், “நீங்க பண்ண பெரிய தப்பு ஒண்ணு ஹேளிம்மா, சொல்லுங்க,” என்றார்.

மெர்சிக்குப் புருஷன் சொன்னது ஞாபகம் வந்தது. முழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“அமுக்கின அப்புறம்?”

“உள்ள அட்டவணையே இல்ல சார். புரிஞ்சுபோச்சு. நெட்டு ஒயர புடுங்கினேன், சிஸ்டம் ஆளுங்களுக்குப் போன் அடிச்சேன். அப்புறம் சேர் மேல ஏறி நின்னு, அந்த மெயில தொடாதீங்கன்னு தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூணுலயும் கத்தினேன். மானம் போச்சு சார். ஒரு வாரம் ஸ்டேஷன் மாஸ்டர்னே கூப்பிட்டாங்க.”

“வேற யாரும் அமுக்கலையா?”

“எனக்கு முன்னாடியே மூணு பேரு அமுக்கிட்டு கம்முனு உக்காந்திருந்தாங்க. நான் கத்தினப்புறம்தான் வாயத் தொறந்தாங்க.”

நாகேஷ் பேனாவை மூடினார். “பாடம் படிச்சவங்க தெருவுக்கு நூறு பேர் கிடைக்கிறாங்கம்மா. மாட்டிக்கிட்ட உடனே கத்தறவங்கதான் கிடைக்கறதில்ல.”

மெட்ரோ படியேறும்போதே குணசேகர் போன் அடித்தான்.

“சொல்லலையே?”

“சொன்னேன்.”

“கெடுத்தியா. சரி வுடு, வேற பாக்கலாம்.”

“ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொல்லிட்டாங்க.”

குணசேகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான்தான் சொன்னேனே, உள்ளத உள்ளபடி பேசுன்னு,” என்றான்.