கயிற்றுக்கடை பாய் வீட்டுப் புத்தகங்கள்

பச்சைத் துணியில் கட்டிய அந்த மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு பாய் எங்கள் வங்கிக்குள் நுழைந்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. பூந்தமல்லிக் கடைத்தெருவில் கயிறும் சாக்கும் விற்பவர் அவர். அந்தக் கிளையில் எழுத்தராக இருந்த நான், இருப்பதிலேயே பெரிய லாக்கரைத் திறந்து காட்டினேன். மூட்டை பாதிதான் உள்ளே போனது. எங்கள் மேலாளர் அம்மா எழுந்து வந்து என்னவென்று விசாரித்தார்.

“பழைய புக்குங்க மேடம். ஊட்ல கரையான் பூந்துகிச்சு. இங்கன்னா பத்திரமா இருக்குமேன்னு எடுத்துகினு வந்தேன்.”

அம்மா முடிச்சை அவிழ்த்தார். ஓரம் அரிக்கப்பட்ட பழுப்புத் தாள்கள். நெருக்கமாக, கறுப்பு மையில் அரபு எழுத்துகள். ஒரு தாளைத் தொட்டதும் மூலை உதிர்ந்து மேசையில் விழுந்தது. “பூட்டி வச்சா கரையான் வராது பாய். ஆனா தாள் அதுபாட்டுக்கு உதிர்ந்துட்டே இருக்கும். நாலு நாள் டைம் குடுங்க” என்றார்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் அவர். அதிகம் பேசமாட்டார். கலைக்கும் பண்பாட்டுக்கும் பழையனவற்றைப் பாதுகாக்கவும் எங்கள் வங்கி உதவுகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அது நகரத்து நாட்டிய விழாக்களுக்கும் பெரிய கோயில் மண்டபங்களுக்கும் போகிற உதவி என்று நினைத்திருந்தோம். கயிற்றுக்கடைக்காரர் வீட்டுக்கும் அது வரலாம் என்று அவருக்கு மட்டும்தான் தோன்றியது. அன்றே தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். நான்தான் தட்டச்சு செய்தேன்.

பதில் வந்தது. புத்தகங்களை நகரத்து நிறுவனம் ஒன்றுக்குக் கொடையாகக் கொடுத்தால் உதவலாம் என்றது. பாய் அதைப் படித்துவிட்டு, மடித்து மேசைமேல் வைத்தார். “எங்க அத்தா என்கிட்ட பாத்துக்கன்னு சொல்லிக் குடுத்தாரு மேடம். குடுத்துடுன்னு சொல்லல” என்றார். அம்மா அவரை வற்புறுத்தவில்லை. மறுபடி எழுதினார், அதற்கும் அதே பதில் வந்தது. மேலிடத்தோடு மல்லுக்கு நிற்பது நல்லதில்லை என்று எங்களில் சிலர் அவரிடம் சொன்னோம். நானும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவர் மூன்றாவது கடிதத்தில் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: யாராவது நேரில் வந்து பாருங்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவரை அழைத்துக்கொண்டு அம்மாவும் நானும், பாய் மூட்டையைத் திரும்ப எடுத்துப்போய் வைத்திருந்த அவர் வீட்டு மாடியறைக்குப் போனோம். தாள்களைப் பார்த்த அதிகாரி, “இந்தப் பக்கத்துல அரபி தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருப்பாங்க? யாருக்குங்க இது பயன்படும்?” என்று கேட்டார். தவறாகக் கேட்கவில்லை, எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

தேநீர் கொண்டுவந்த பாயின் மனைவி தட்டை வைத்துவிட்டு, “அரபி பாஷை இல்லீங்க, எழுத்து மட்டுந்தான் அரபி. படிக்கிறேன், கேளுங்க” என்றார். விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே வலமிருந்து இடமாகப் படித்தார். பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கும் மிளகும் ஓமமும் வறுத்து இடிக்கிற பக்குவம். கருப்பட்டி எவ்வளவு, நல்லெண்ணெய் எவ்வளவு, எத்தனை நாள் கொடுக்கவேண்டும் என்று சொல்லிப்போன சுத்தமான தமிழ். என் பிரசவத்தின்போது மேனாம்பேட்டில் என் அம்மா கிண்டிக் கொடுத்த அதே மருந்து. முடிவில் எழுதியவர் பெயரும் இருந்தது. அந்த வீட்டுக்கு எப்போதோ மருமகளாக வந்த ஒரு பெண்.

அதிகாரி ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னொரு பக்கம் படிக்கிறீங்களாம்மா?” என்றார்.

புத்தகங்கள் வீட்டைவிட்டுப் போகவேண்டியதில்லை என்று அடுத்த கடிதம் வந்தது. தாள்களைச் செப்பனிடுகிறவர்கள் அந்த மாடியறைக்கே வந்து மாதக்கணக்கில் வேலை செய்தார்கள். கண்ணாடிபோல் மெல்லிய தாளை ஒட்டி ஒவ்வொரு பக்கத்தையும் காப்பாற்றினார்கள், படம் எடுத்தார்கள், புதிய பெட்டிகள் செய்தார்கள். பெட்டியின்மேல் எங்கள் வங்கியின் பெயரைப் பெரிதாகப் போடலாம் என்று பேச்சு வந்தபோது அம்மா மறுத்தார். “எழுதினவங்க பேரு மேல. நம்ம பேரு அடியில, சின்னதா.” அப்படியே ஆயிற்று. என் இத்தனை வருட உத்தியோகத்தில் நானே தட்டச்சு செய்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கடிதங்கள் அந்த மூன்றும்தான்.

அம்மா பணி ஓய்வு பெற்றுத் திருநின்றவூரில் இருக்கிறார். நான் இப்போது வேறொரு கிளையில் அதிகாரி. போன ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியறையில் பாயின் மனைவி அந்த எழுத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, எங்கள் மேலாளர் அம்மா. வாராவாரம் பஸ் பிடித்து வருகிறாராம்.

“மேடம், இந்தப் புள்ளிய மறுபடி விட்டுட்டீங்க” என்றார் பாயின் மனைவி.

ஒரு காலத்தில் எங்கள் கடிதங்களில் ஒரு கால்புள்ளி விடுபட்டாலும் திருப்பி அனுப்பியவர், பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டிவிட்டுப் புள்ளியை வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.