ஊதி ஊதிக் குடி

ஆரோக்கியசெல்விக்கு முதன்முதலாக அது வந்தது விக்கிரவாண்டி டோல்கேட்டில், எள் போட்டால் எள் விழாத பஸ்சுக்குள். திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கிற மில்லில், கடலையில் சொத்தை பொறுக்கும் வேலை அவளுக்கு. கோலியனூரிலிருந்து தினமும் போய்வருகிறவள். அன்றைக்குப் பொங்கல் கூட்டம். பஸ் நின்றது நின்றபடி கிடந்தது. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, மூச்சு தொண்டையோடு நின்றது, இடது கை மரத்துப்போனது. "மாதாவே, நான் சாவப்போறேன்" என்று அவள் போட்ட கூச்சலில் கண்டக்டரே இறங்கி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்தார்கள். ஒண்ணுமில்ல என்றார்கள். அடுத்த வாரம் மறுபடி வந்தது, மறுபடி ஒண்ணுமில்ல. அதற்கடுத்த தடவை போனபோது, சீட்டுப் போடுகிறவர் இவளைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். டாக்டர் மட்டும் பொறுமையாக, "இது பயத்துல வர்றதும்மா. இதுக்குன்னு தனி டாக்டர் இருக்காரு, அவரப் பாருங்க" என்றார். பார்ப்பாளா? மனசு டாக்டரிடம் போனவள் என்று ஒரு தடவை பேர் விழுந்துவிட்டால் தெருவில் அதை எதைப் போட்டுக் கழுவுவது? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறவளிடம் ஒன்றுமில்லை என்று சொன்னால், பொய்க்காரி என்று சொன்ன மாதிரிதானே. இனி செத்தாலும் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று வீட்டோடு கிடந்தாள். வேலையும் போயிற்று.

அவள் புருஷன் சவுரிராயன் விழுப்புரத்தில் மூட்டை தூக்குகிறவன். அவன் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வந்தால் அதிசயம். அப்படிப்பட்டவன் நாட்டு மருந்துக் கடையில் போய் நின்று, "வூட்ல படபடப்புங்க, இன்னா குடுக்கலாம்?" என்று கேட்டான். சடாமாஞ்சில், அமுக்கராங்கிழங்கு, காய்ந்த வல்லாரை எல்லாம் கலந்து கட்டிக் கொடுத்தார் கடைக்காரர். இடித்து ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, படபடப்பு வரும்போது கொதிக்கவைத்துச் சுடச்சுடக் குடிக்க வேண்டுமாம்.

அவளுக்கு வரும்போதெல்லாம் அவனே அடுப்பைப் பற்றவைப்பான். கஷாயத்தை வடிகட்டி டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, காய்ப்பேறிய உள்ளங்கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காருவான். "ஊதி ஊதிக் குடி செல்வி. அவசரமில்ல, ஊது." அவள் ஊதுவாள், ஒரு வாய் குடிப்பாள், மறுபடி ஊதுவாள். டம்ளர் காலியாவதற்குள் நெஞ்சு அடங்கிவிடும். அது வேரின் குணமா, ஊதி ஊதி மூச்சு நிதானப்பட்டதா, அந்தக் கையா, யார் கண்டது? அவள் வேரைத்தான் நம்பினாள்.

நம்பியதோடு நிற்கவில்லை. தெருவில் யாருக்கு நெஞ்சு அடைத்தாலும், கெட்ட கனவு கண்டு வியர்த்தாலும், ஆரோக்கியசெல்வி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுச் செண்பகம்கூட மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்து ஒரு டம்ளர் வாங்கிக் குடிப்பாள். ஆஸ்பத்திரியில் சிரித்தார்களே, அந்தக் காந்தல் கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. படபடப்பைப் பற்றி எனக்குத் தெரியாததா என்கிற தெம்பு வந்துவிட்டது.

போன கோடையில் ஒரு பகல். சவுரிராயன் வேலை முடியும் முன்பே வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"செல்வி, உனுக்கு வர்ற மாதிரியே வருது. நெஞ்ச அமுக்குது. கை மரத்துக்கினு போவுது."

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. "உங்களுக்குமா? ஒட்டிக்கிச்சா?" என்றபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

வாசலில் வந்து நின்ற செண்பகத்துக்கு என்னவோ சரியாகப் படவில்லை. "யக்கா, மாமா மூஞ்சியே வெளுத்துக் கெடக்குது. ஆட்டோவக் கூப்புடட்டா? ஜல்தியா போயிடலாம்."

"வாணாம். அங்க இட்டுக்கினு போனா ஒண்ணுமில்லம்பாங்க, நாலு பேரு சிரிப்பாங்க. எனுக்குப் பட்ட அசிங்கம் இவருக்கு வேற வரணுமா? கொஞ்ச நேரத்துல அடங்கிடும் பாரு."

அவனும் ஆமாம் என்று தலையை ஆட்டினான். அவன் என்ன செய்வான், அவளுக்கு அடங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தானே.

அவன் தனக்குச் செய்ததை எல்லாம் ஒன்று விடாமல் செய்தாள். டம்ளரைக் கையில் கொடுத்தாள். முதுகில் கை வைத்தாள். இத்தனை நாள் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஒரு வேளை வந்ததே என்று மனதுக்குள் சந்தோஷம்கூட இருந்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊதி ஊதிக் குடிங்க. அவசரமில்ல."

அவன் உதட்டைக் குவித்தான். ஊத மூச்சு வரவில்லை. கஷாயத்தின் மேல் ஆவி கலையாமல் நேராக எழும்பிக்கொண்டிருந்தது. மறுபடியும் குவித்தான். டம்ளர் நழுவி அவள் மடியில் கொட்டியது. கொதித்ததே, சுட்டதா என்றால் அவளுக்கு நினைவில்லை. செண்பகம் தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். வழியிலேயே எல்லாம் முடிந்தது.

"எப்பம்மா ஆரம்பிச்சுது?" என்று டாக்டர் கேட்டார். சொன்னாள். அவர் சீட்டில் மாரடைப்பு என்று எழுதினார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியபின் அவளுக்கு அது வந்தது. செண்பகம் டப்பாவை எடுக்க ஓடினாள். "அதத் தொடாத" என்று கத்தினாள் ஆரோக்கியசெல்வி. "ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ."

அதே கட்டில், அதே ஒயர். "ஒண்ணுமில்லம்மா" என்றாள் நர்ஸ். இந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதானே அவனை அழைத்து வரவில்லை. ஆயிரம் பேர் சிரிக்கச் சிரிக்க அவனுக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? நினைக்க நினைக்க அவளுக்கு மூச்சு இன்னும் வாங்கியது.

நர்ஸ் பக்கத்தில் வந்து அவள் முதுகில் கை வைத்தாள். "வாயக் குவிச்சு மெதுவா ஊதுங்கம்மா. அவசரமில்ல, ஊதுங்க."

அவள் ஊதினாள். கையில் டம்ளர் இல்லை, வேர் இல்லை, கஷாயம் இல்லை. ஊத ஊத நெஞ்சு அடங்கியது.

"பாத்தீங்களா, சரியாப்போச்சு" என்றாள் நர்ஸ். அப்போதுதான் ஆரோக்கியசெல்வி ஓவென்று அழ ஆரம்பித்தாள்.