விட்டவர்கள் பட்டியல்

ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் தீர்க்கத் தொழில் தொடங்கிவிட்டுத் தள்ளாடுகிறவர்களைத் தேடிப் பிடித்து, இடம், இயந்திரம், பயிற்சி என்று கைகொடுப்பது எங்கள் அலுவலகம். யாருக்குக் கொடுக்கலாம் என்று நேரில் பார்த்து எழுதும் அதிகாரியை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு வண்டி ஓட்டுபவன் நான்.

போகிற இடத்திலெல்லாம் பயனடைந்தவர்களை வரிசையாக நிறுத்துவார்கள். அக்கா அவர்களுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, "வாங்கிட்டுப் பயன்படுத்தாம விட்டவங்க யாரு? அவங்க வீடு எங்க?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லது செய்கிறவனுக்கு எதற்கு இந்தக் குடைச்சல்? ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஆரம்பத்துல பாராட்டுனவங்களை மட்டும் பாத்துட்டு எழுதிக் குடுத்தேன். சக்கர நாற்காலி செய்றவங்க. ஒரு வருஷம் கழிச்சுப் போனா, பாதி நாற்காலியில துணி காயுது. வாசப்படியைத் தாண்ட முடியலையாம்."

 

ஒருமுறை ஒரு தச்சரைப் பார்க்கப் போனோம். விபத்தில் கால் போன மகளுக்காகச் செயற்கைக் கால் செய்யக் கற்றவர், பிறகு ஏழைகளுக்கும் செய்து கொடுத்தார். கொட்டகை ஒழுகியது. நாங்கள் உதவாவிட்டால் மூடவேண்டியதுதான். அன்று இருபது பேர் எங்கள் முன்னால் நடந்து காட்டினார்கள்.

"விட்டவங்க?"

"ஒருத்தரும் இல்லைங்கம்மா." தச்சரின் கண் மட்டும் உள்ளறைப் பக்கம் போய்த் திரும்பியது.

அக்கா விடுவாரா? உள்ளே போனார். மகள் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா செய்த முதல் கால் மூலையில் தூசி படிந்து நின்றது.

"இவளைச் சேக்காதீங்கம்மா. பிடிவாதக்காரி. ரெண்டு வருஷமா போடுடி போடுடின்னு கத்துறேன்" என்றார் தச்சர்.

அக்கா அவளருகே உட்கார்ந்தார். "ஏன்மா போடலை?"

அவள் பாவாடையைச் சற்று விலக்கினாள். முழங்காலுக்குக் கீழே வளையம்போலக் கறுத்த தழும்பு. "வலி உயிர் போகும்க்கா. சொன்னா அப்பா இந்த வேலையையே விட்டுடுவாரு. வெளியில இத்தனை பேர் அவரை நம்பி இருக்காங்க."

தச்சர் குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"போடுன்னுதான் சொன்னீங்க. ஏன் போடலைன்னு கேக்கவே இல்லையேப்பா."

கல்நெஞ்சுக்காரன் என்று பெயரெடுத்த நான் வெளியே வந்து வண்டியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அக்கா எதையும் மறைக்காமல் எழுதினார். "சொந்த மகளே போடாத காலுக்கா உதவி?" என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். "தப்பு எங்கன்னு இப்பத்தான் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. இப்போ கைவிட்டா எப்படி?" என்று மல்லுக்கு நின்று உதவியை வாங்கிக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்துப் போனோம். தச்சர் யாரையும் நடக்கவிட்டுக் காட்டவில்லை. வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதிய தாளை நீட்டினார். காலைக் கழற்றிப் போட்டவர்கள் எட்டுப் பேர். முதல் பெயர் மகளுடையது.

"இவளுக்கு நாலாவது கால் செஞ்சு குடுத்திருக்கேன். இன்னும் வலிக்குதுங்கிறா" என்றார்.  "ஆனா சொல்றாம்மா. இப்ப சொல்றா."