புளியம்பிஞ்சு வைத்தியம்

என் தங்கையின் வயிற்றுவலி எதனால் தீர்ந்தது என்று கண்டுபிடித்தவன் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

கள்ளக்குறிச்சியைத் தாண்டிச் சேலம் போகும் சாலையோரம் எங்கள் வீடு. ஒட்டினாற்போல் ஒரு தகரக் கொட்டகை. லாரிகளின் செத்துப்போன பேட்டரிகள் அங்கே வந்து இறங்கும். அப்பா அவற்றைச் சுத்தியலால் உடைத்து, உள்ளிருக்கும் தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்கி ஈயப் பாளமாக வார்ப்பார். புகை வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும். சோறு போடும் புகை என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

நான்கு வயதுத் தங்கை சாப்பிட மாட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். குடல் ஏறியிருக்கிறது என்றார்கள். சங்கராபுரத்தில் குடல் தட்டுகிறவரிடம் அம்மா மூன்று முறை தூக்கிப் போனாள். அவர் விளக்கெண்ணெய் தடவி நீவிவிடுவார். இறங்கிய குடல், பஸ் ஊர் வந்து சேர்வதற்குள் மறுபடி ஏறிக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். ஒரு வாரம் பஸ் இல்லை, லாரி இல்லை. பேட்டரி வராததால் அப்பாவின் அடுப்பும் எரியவில்லை.

"இன்னாங்க, எத்தினி நாளிக்கி இப்படியே மரம் கெடக்கும்?" என்றாள் அம்மா.

"மரத்தையே போய்க் கேளு. பதில் சொல்லிச்சின்னா எனக்கும் வந்து சொல்லு."

எட்டாத கிளையெல்லாம் தரையில் கிடந்தது. பச்சைப் பிஞ்சுகளைப் பறித்து, உப்பில் தொட்டுத் தங்கைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஆறாம் நாள் அவளாகவே கஞ்சி கேட்டாள். குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். பானையில் அரிசி தீர்ந்துபோயிருந்த நேரம் அது.

நான் யோசித்தேன். சங்கராபுரம் போகவில்லை. மருந்து கொடுக்கவில்லை. அவள் வயிற்றுக்குள் புதிதாகப் போனது ஒன்றே ஒன்றுதான்.

"புளிதாம்மா!"

"போடா, பெரிய டாக்டரு!" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "மரத்த இழுத்துக்கினு போறதுக்குள்ள இன்னும் கொஞ்சம் பறிச்சு வையிடா" என்றாள்.

ஒரு கூடை பறித்தேன். உப்புப் பிசறிக் கொட்டகையின் தகரக் கூரைமேல் காயவைத்தேன். மறுநாள் சாலை திறந்தது. லாரி வந்தது, அடுப்பு எரிந்தது. தகரம் நன்றாகச் சூடேறும், பிஞ்சு சீக்கிரம் காயும் என்று எனக்குச் சந்தோஷம்.

ஊர் ஊராகத் திரிந்து, ஒரு பெருநகரத்துப் பேட்டரிப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்தது வெகுகாலம் கழித்து. என் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், ஈயம் தூளாகக் காற்றில் மிதக்கும், மூச்சிலும் சாப்பாட்டிலும் இறங்கும், சின்னப் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும், வயிற்றைச் சுருட்டி வலிக்கும் என்றார். நான் அவரிடம் புளியைப் பற்றிக் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

மறியல் முடிந்து அப்பாவின் அடுப்பு மறுபடி எரியத் தொடங்கிய சில நாளில் தங்கைக்கு வலி திரும்பியது. நான் பயப்படவில்லை. கூரையில் ஏறி, ஒன்றுக்கு இரண்டாகப் பிஞ்சு எடுத்து வந்தேன். மேலே சாம்பல் நிறத்தில் தூள் படிந்திருந்தது. துடைத்தால் உப்பும் போய்விடுமே என்று, அப்படியே அவள் வாயில் வைத்தேன்.