சீட்டில் படித்த மலைகள்

தாவரவியல் துறையின் கடைசி அறையில் இருபத்தோரு வருடமாகச் செடிகளை ஒட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு மாணவர்கள் வைத்த பெயர் கோந்தக்கா. நாளடைவில் பேராசிரியர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

மாணவர்கள் காடு மலை அலைந்து பறித்து வரும் செடிகளைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைப்பார். காய்ந்ததும் கெட்டித் தாளில் ஒட்டுவார். தடித்த தண்டென்றால் ஊசிநூலால் தைப்பார். ஓர் இலையையாவது குப்புறத் திருப்பித்தான் ஒட்டுவார். அடிப்பக்கத்து மயிரையும் நரம்பையும் பார்க்காமல் எந்தக் குடும்பம், எந்த இனம் என்று எப்படிச் சொல்வது? கடைசியாக ஓரத்தில் ஒரு சீட்டு: எந்த மலை, எத்தனை அடி உயரம், யார் பறித்தது. அந்தச் சீட்டுகளில்தான் அவர் மனம் கிடந்தது.

ஒரு காலத்தில் அவரும் அதே துறையில் மாணவி. இரண்டாம் வருடத்தில் வகைப்பாட்டியல் பாடம் தொடங்கிய பதினேழாம் நாள், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மா ஏற்கெனவே இல்லை. ஒரு மாத விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவர், ஒன்பது வருடம் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்தார். அப்பா போனபின், செடி ஒட்ட ஆள் தேவை என்று கேள்விப்பட்டுத் துறைக்கு வந்தார். அங்கே உதவிப் பேராசிரியையாக உட்கார்ந்திருந்தது பழைய பெஞ்சுத் தோழி. ஒரே பூவைப் பிய்த்து, மகரந்தத்தாள் ஐந்தா ஆறா என்று சண்டை போட்டவர்கள். அன்றிலிருந்து இவருக்கு அவர் ‘மேடம்’.

வகுப்பறைக்கும் ஒட்டும் அறைக்கும் நடுவே வெறும் மரத்தடுப்புதான். தாவரப் புவியியல் வகுப்பில் ஒரு குறிப்பிட்ட செடியின் கதை வரும்போது கோந்தக்காவின் தூரிகை நின்றுவிடும்.

“இந்தச் செடி ரெண்டே ரெண்டு மலை உச்சியில இருக்கு. நடுவுல கொதிக்கிற சமவெளி. எப்படித் தாண்டிப் போச்சு? போகவே இல்ல. குளிர் காலமா இருந்தப்போ சமவெளி முழுக்க இருந்துச்சு. வெயில் ஏற ஏற, பிழைச்சா போதும்னு ரெண்டு பக்கமும் மலை ஏறிடுச்சு.”

அந்தச் செடியை, இலையடியின் துரு நிற மயிர் தெரியும்படி, அவர் ஆறு தாள்களில் ஒட்டியிருக்கிறார். உயிரோடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

“கை தொடாத மலை இல்ல. கால் மட்டும் ரயில்வே கேட்டைத் தாண்டல” என்பார் வீட்டில்.

லேத் பட்டறை வைத்திருக்கும் கணவர் சிரிப்பார். “காலையும் சேர்த்து ஒட்டிட்டே போலிருக்கு.”

ஒவ்வொரு வருடமும் மாணவர்களின் களப்பயணத்துக்குக் கூட வரட்டுமா என்று கோந்தக்கா கேட்க வாயெடுப்பார். “நீங்க வந்துட்டா இங்க யார் பார்க்கிறது?” என்று யாராவது முந்திக்கொள்வார்கள். ஐம்பதுக்கு ஒரு வயது குறைவாக இருந்தபோது, ஒரு நாள் தோழியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

“மேடம், இந்தத் தடவை நானும் வர்றேன்.”

“முட்டி வலின்னு சொன்னீங்களே?”

“முட்டி என்னோடது. நான் பார்த்துக்கறேன்.”

தோழி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். “ஸ்வெட்டர் எடுத்துக்குங்க” என்றார்.

வேன் நின்ற இடத்திலிருந்து மூன்று மணி நேர நடை. மாணவர்கள் முன்னால் போய்விட்டார்கள். மூச்சு வாங்கக் கடைசியாக வந்த கோந்தக்கா, ஒரு பாறையைப் பிடித்து நின்றார். காலடியில் முழங்கால் உயரப் புதர். பூ இல்லை, மொட்டும் இல்லை. குனிந்து ஓர் இலையைத் திருப்பினார். துரு நிறத்தில் மயிர். ஈரப் புல்லென்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஏய், இங்க வாடீ!”

மாணவர்கள் திகைத்துப் போனார்கள். மேடத்தை ‘டீ’ போட்டு யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. மேடமோ விழுந்தடித்து ஓடிவந்தார்.

“பூவே இல்லையேடி. எப்படிக் கண்டுபிடிச்ச?”

“எத்தனை தடவை குப்புற ஒட்டியிருக்கேன்!”

இருவரும் பாறையோரம் உட்கார்ந்திருந்தார்கள். கோந்தக்கா இலையை விடவில்லை.

“ஒரு மாசம்னுதானே எழுதிக் கொடுத்தேன்” என்றார் மெல்ல.

“அந்த வருஷம் பூரா உன் இடத்துல ஒருத்தியையும் நான் உட்கார விடல” என்றார் தோழி.

ஒரு சிறு கிளை மட்டும் பறித்தார்கள். ‘பறித்தவர்’ என்ற இடத்தில் தோழி இரண்டு பெயர் எழுதினார். இரண்டாவது, கோந்தக்காவுக்கு அப்பா வைத்த பெயர். ஊர் திரும்பியதும், விட்ட படிப்பைத் தொடர முடியுமா என்று பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தார்கள். பழைய பதிவேடே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஆனாலும் தாவரப் புவியியல் வகுப்பு நேரத்தில் தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, நோட்டோடு கடைசி வரிசையில் போய் உட்கார ஆரம்பித்தார் கோந்தக்கா. வருகைப் பதிவும் தேர்வும் அவருக்குக் கிடையாது.

பூவைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் கழித்து, கணவர் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கூடவே கிளம்பினார். வழியெல்லாம் முனகிக்கொண்டே ஏறினார். புதர் அங்கேயே இருந்தது. பூக்கள் உதிர்ந்து, காய் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கோந்தக்கா மண்ணைத் துழாவிப் பார்த்தார். அழுகிய இதழ் ஒன்றிரண்டு, நிறம் போய்விட்டிருந்தது.

“நாலு நாள் முன்னாடி வந்திருக்கணும்.”

“அடுத்த வருஷம் ஒரு வாரம் முன்னாடியே வந்து குந்திக்கலாம்” என்றார் கணவர்.

இறங்கும்போது அவர் ஒவ்வொரு செடியாகக் காட்டி, இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். கோந்தக்கா தெரிந்ததைச் சொன்னார். தெரியாததன் முன்னால் நின்று, இலையைத் திருப்பிப் பார்த்தார். நின்று நின்று வந்ததில், சாயங்காலப் பேருந்து போயே போய்விட்டது.