பொம்மை ரயிலில் மாமா ஜெயித்த பந்தயம்

அந்தப் பெட்டியில் எரிந்த சின்னச் சிவப்பு விளக்கை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும். பொம்மை ரயிலின் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி அது. எங்கேயாவது ஷார்ட் ஆனால் சிவப்பு எரியும், மின்சாரம் நின்றுவிடும். மலைமேல் வட்டக்கானலில் நாங்கள் நடத்தும் விடுதியில் சாப்பாட்டு மேசை ஒன்றுதான். அதில் பாதியை ரயில் பிடித்துக்கொண்டால், வந்து தங்குகிறவர்களுக்கு நான் தட்டை எங்கே வைப்பது?

ரயில் என் மாமனாருடையது. ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு சொந்த ஊரான பாலசமுத்திரத்தில் தனியாகத்தான் இருந்தார். ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்னந்தோப்புக்குப் போய்விட்டார். புகையைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டை உடைத்து அடுப்பை அணைத்தார்கள். அன்றைக்கே என் கணவர் போய் அவரை மலைக்கு அழைத்து வந்துவிட்டார். "தண்டவாளம் ஏறாத ஊருல கொண்டாந்து போட்டுட்டானே" என்று சொல்லிக்கொண்டு மாமா கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தபடியே இருந்தார். அந்த நடையைப் பார்க்கப் பொறுக்காமல்தான் கணவர் பொம்மை ரயிலை வாங்கித் தந்தார்.

அக்டோபர் மழையில் ஒரு காலை, பெட்டியில் சிவப்பு எரிந்தது. எஞ்சின் நகரவில்லை. கொடைக்கானல் கடையில் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் கணவர்.

"ஏலே, சும்மா கெட. எங்க ஷார்ட்டுன்னு நானே பாக்குறேன். கண்டுபிடிச்சுட்டா என்னைய ஊருல கொண்டுபோய் விட்டுரணும், சரியா?"

"சரிப்பா, பந்தயம்" என்று கணவர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அறைக்குப் போய் வேட்டி சட்டைகளைப் பையில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் மேசைக்கு வந்தார்.

எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. அவர் ஜெயித்துக் கிளம்பிவிட்டால் வீடு கொஞ்சம் மூச்சு விடும் என்று ஒரு மனம் சொன்னது. போனால் அங்கே அடுப்பை யார் அணைப்பார்கள் என்று இன்னொரு மனம் அடித்துக்கொண்டது. வெங்காயம் நறுக்கப் போவேன், பாதியில் கத்தியை வைத்துவிட்டு மேசைப் பக்கம் வருவேன்.

அவரோ அவசரப்படவே இல்லை. முதலில் எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து தூக்கினார். சிவப்பு அணைந்தது. எஞ்சின் இழுக்கும் ரயில் பெட்டிகளை மட்டும் வைத்துப் பார்த்தார், விளக்கு எரியவில்லை. "பாதையில கோளாறு இல்ல. எஞ்சின்லதான் இருக்கு" என்றார். மேல்கூட்டைக் கழற்றி, மின்சாரம் பாய வழி இருந்தால் சத்தம் போடும் மீட்டரின் இரண்டு முனைகளை இரண்டு பக்கச் சக்கரங்களில் வைத்தார். பீப் என்றது. மோட்டாருக்குப் போகும் வயர்களை விடுவித்தார். அப்போதும் பீப். மோட்டார் நல்லது என்று ஓரமாக வைத்தார். பிறகு முன் சக்கரங்களின் வயரையும் பின் சக்கரங்களின் வயரையும் தனித்தனியாகப் பிரித்தார். முன்பக்கம் சத்தமில்லை. பின்பக்கம் விடாமல் கத்தியது. விரல் நடுங்கவில்லை, வரிசை தப்பவில்லை. இவரையா நாம் இங்கே அடைத்து வைத்திருக்கிறோம் என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

எஞ்சினைக் கவிழ்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். சிறு இடுக்கியால் பின் அச்சிலிருந்து எதையோ மெல்ல உருவினார். மெல்லிய ஜரிகைக் கம்பி. இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை சுற்றிக் கிடந்திருக்கிறது. வயர்களை மாட்டி எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தார். ஓடியது. கணவர் கை தட்டினார்.

"அது சரி, பொம்மைக்குப் போய் ஜரிகை மாலையெல்லாம் யாருத்தா போட்டது?" என்று மாமா என்னைக் கேட்டார்.

கணவரின் கை நின்றுவிட்டது. ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் அந்த நாளில் எஞ்சினுக்கு மாலை போட்டவர் என்பதால், பொம்மைக்கும் போட வேண்டும் என்று வெள்ளனே எழுந்து குளித்தவர் மாமாதான். சாமிப் படத்து மாலையின் ஜரிகையைப் பிய்த்து, அதில் கதம்பம் கட்டி, சந்தனம் வைத்து, மாலையோடு ஒரு சுற்று ஓட்டியும் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று கும்பிட்டிருந்தோம்.

"நான்தான் மாமா" என்றேன்.

"இனிமே போடாதத்தா. நான் ஊருக்குப் போயிட்டா யாரு உக்காந்து எடுப்பா?"

மழை விடட்டும் என்று அன்றைக்குக் கணவர் சொன்னார். பிறகு பனி குறையட்டும் என்றோம். அடுத்த ஆயுத பூஜையும் வந்து போய்விட்டது. இப்போதெல்லாம் என் பெயர் அவருக்குச் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. ரயிலைத் தொட்டே மாதங்கள் ஆகின்றன. ஆனால் காலையில் காப்பி குடித்ததும் பையை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நிற்கிறார்.

"பந்தயத்துல ஜெயிச்சது நான்தானத்தா?"

"நீங்கதான் மாமா."

"பெறகு ஏன் என்னைய இன்னும் விட மாட்டேங்குறீங்க?"