வண்டியை ஓட்டியவர்

எங்கள் பூங்காவைக் கூட்டுகிற பெண்ணை எல்லோரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவள் எந்த வண்டியும் ஓட்டியதில்லை. ஓட்டியது அவள் கணவன், ராணுவத்தில். எங்கள் ஊர் மேஜரும் அவனும் ஒரே ஜீப்பில் போனார்கள், ஒரே கண்ணிவெடியில் செத்தார்கள். மேஜர் பேரில் பூங்கா வந்தது. இவளுக்கு அந்தப் பூங்காவில் துடைப்பம் வந்தது. இதைக் கேட்டு வயிறு எரியாதவன் மனுஷனே இல்லை.

எனக்குக் கூடுதலாகவே எரிகிறது. அங்கே நிற்கும் கருங்கல்லில் எழுத்து வெட்டியவன் நான். "காயம்பட்ட வீரர்களை மீட்கத் தானே வண்டியை ஓட்டிச் சென்று உயிர் நீத்தார்" என்று மேஜரைப் பற்றிப் பூங்கா கமிட்டித் தலைவர் தாளில் எழுதிக் கொடுத்தார். தாளில் இருப்பதை வெட்டுவது என் தொழில். நிஜமா என்று கேட்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஆறு நாள் முதுகு ஒடிய உட்கார்ந்து வெட்டினேன்.

ஏழாம் நாள் அவள் கல்லைத் துடைக்க ஈரத்துணியோடு வந்தாள். அந்த வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"அண்ணே, இதை யாரு எழுதிக் குடுத்தது?"

"தலைவர்தான். ஏம்மா?"

"மேஜருக்கு வண்டி ஓட்டவே வராதுண்ணே. ஒருதடவை கத்துக்கறேன்னு ஏறி, சமையல்கூடத்துச் சுவத்துல கொண்டுபோய் முட்டினாராம். எங்க வீட்டுக்காரர் போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்னிக்கு ஓட்டினது அவர்தான். பட்டாளத்துலேர்ந்து வந்த கடிதாசியிலயே இருக்கு."

வீட்டுக்கு ஓடிப்போய்க் கடிதத்தைக் கொண்டுவந்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் காகிதம் ஒட்டியிருந்தது. அவள் சொன்னது அப்படியே இருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இரண்டு பேருமாகத் தலைவரைப் போய்ப் பார்த்தோம். அவர் திறப்பு விழாப் பந்தலில் நாற்காலி வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"கல்லு வெட்டியாச்சு, அழைப்பிதழ் அடிச்சாச்சு. இப்ப வந்து சொன்னா எப்படிம்மா? வேணும்னா ஒண்ணு செய்யலாம். பெஞ்சுக்கெல்லாம் நன்கொடை தந்தவங்க பேர் குடுத்துட்டாங்க. குப்பைத்தொட்டி ரெண்டு பாக்கி இருக்கு. ஒண்ணுல உங்க வீட்டுக்காரர் பேரைப் போட்டுடுவோம்."

கிண்டல் பண்ணியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். பாவி மனுஷன் உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"அதைத் தினமும் கவுத்துக் கொட்டறதும் நான்தானே சார்" என்றாள் அவள். அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

மறுநாள் திறப்பு விழா. தலைவர் மைக்கில் அந்த வரியை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். கைதட்டல் அடங்குமுன் டிரைவரம்மா துடைப்பத்தோடு நடுவில் வந்து நின்றாள்.

"பொய். வண்டியை ஓட்டினது என் வீட்டுக்காரர். நம்பலேன்னா மேடம்கிட்டயே கேளுங்க."

முன்வரிசையில் இருந்த மேஜரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு பேர் டிரைவரம்மாவின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். எழுந்து, "நான் கடிதாசியைப் பார்த்தேன்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

கூட்டம் கலைந்ததும் டிரைவரம்மாவைத் தேடித் துடைப்பம், மண்வெட்டி போடுகிற அறைக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்; எனக்கு முன்பே மேஜரின் மனைவி அங்கே வந்து நின்றிருந்தாள்.

"நீங்க சொன்னது நிஜம். அவருக்கு ஓட்டத் தெரியாது" என்றாள் டிரைவரம்மாவிடம்.

"அப்புறம் ஏம்மா வாயைத் திறக்கலை?" என்றேன் நான்.

"விழாவுக்காகப் பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைங்களையும் அந்த வரியை மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க. என் பொண்ணு தூக்கத்துலகூட அதைத்தான் சொல்றா. அவகிட்டப் போய் அது பொய்யின்னு எப்படிச் சொல்வேன்?"

டிரைவரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் பொண்ணும் அதே பள்ளிக்கூடம்தாம்மா. ஒரு எழுத்து தப்பில்லாம ஒப்பிச்சான்னு அவளுக்குத்தான் முதல் பரிசு குடுத்திருக்காங்க."